நான்கு வெள்ளைப் பொருட்கள்

(பாடசாலையின் நூற்றாண்டு நிறைவையொட்டி ஒலுவிலில் நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





ஒரு வைத்தியரைப் பேச அழைத்தால் சீனி வருத்தம், பிரஷர், கொலஸ்ரோல் என்று ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேசுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். அவற்றை நீங்கள் கிளினிக்கில் கேட்டுக் கேட்டு அலுத்திருப்பீர்கள். ஆகவே இன்று இந்தப் பாடசாலையில் எங்களுக்குக் கிடைத்த ஒரு பாடத்தையே திருப்பிச் சொல்ல எண்ணுகின்றோம். இரசாயனவியலில் ‘பிணைப்பும் கட்டமைப்பும்’ என்று ஓர் அலகு இருந்ததே, அந்தப் பாடம்.

எங்கள் வகுப்பில் பலருக்கு அது மனனம் செய்து பரீட்சையில் எழுதிவிட்டு மறந்த பாடம். அப்போது ஆய்வுகூடம் என்று எங்களுக்கு இருந்தது ஒரு நீண்ட மேசையும், பூட்டிய ஓர் அலுமாரியும்தான். ஒரு நாள் எங்கள் டீச்சர் அந்த மேசையில் நான்கு பொருட்களை வைத்தார். கடற்கரையில் பொறுக்கிய ஒரு சிப்பி. வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பு கொஞ்சம், ஒரு பழைய மூடியில். ஒரு வெண்கட்டி. கழுவிக் காயவைத்த ஒரு கோழி எலும்பு.

“இந்த நாலுக்கும் என்ன ஒற்றுமை?” என்று கேட்டார்.

“நாலும் வெள்ளை, டீச்சர்” என்றோம். வகுப்பே சிரித்தது.

“நாலிலும் கல்சியம் இருக்கு. கல்சியம் ஒன்றுதான். அப்படியென்றால் ஏன் ஒன்று கடிக்க முடியாத கடினம், ஒன்று கையைச் சுடுது, ஒன்று பலகையில் தேயுது, ஒன்று உங்களைத் தாங்கி நிற்குது?”

அதற்கு அன்று எங்களிடம் விடை இருக்கவில்லை. வைத்தியத் துறைக்குள் வந்து, அந்த நான்கு பொருட்களையும் வேறு வேறு நோயாளிகளிடம் சந்தித்த பிறகுதான் அந்தக் கேள்வியின் பெறுமதி விளங்கியது. இன்று அந்த மேசையை உங்கள் முன்னால் மீண்டும் வைக்கின்றோம்.

முதலில் கல்சியம் என்றால் என்ன? அதைத் தனியாகக் கண்டவர் இங்கே மிகச் சிலராகவே இருப்பார்கள். தனிக் கல்சியம் வெள்ளையே அல்ல. வெள்ளி போல மினுங்கும் ஓர் உலோகம். தண்ணீரில் போட்டால் குமிழி விட்டுத் தாக்கமடையும். அதன் அணுவின் வெளியோட்டில் இரண்டு இலத்திரன்கள் இருக்கின்றன. அவற்றை மற்றவருக்குக் கொடுத்துவிடுவது அதன் இயல்பு. கொடுத்த பிறகு அது நேரேற்றம் கொண்ட அயன் ஆகிவிடும். பின்னர் எதிரேற்றம் கொண்ட ஏதாவதொன்றுடன் இழுபட்டு ஒட்டிக்கொள்ளும். இதுதான் அயன் பிணைப்பு. இலத்திரனைக் கொடுக்காமல் இருவரும் பொதுவில் வைத்துக்கொண்டால் அது பங்கீட்டுவலுப் பிணைப்பு. எல்லா அணுக்களும் தங்கள் வெளி இலத்திரன்களைப் பொதுவில் ஓடவிட்டால் அது உலோகப் பிணைப்பு.

பிணைப்பு மாறினால் குணமும் மாறும் என்பதை நமது குசினியிலேயே பார்க்கலாம். அலுமினியச் சட்டியைச் சுத்தியலால் அடித்தால் நெளியும். உப்புக் கட்டியை அடித்தால் நொறுங்கும். உலோகத்தில் அணு வரிசைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கினாலும் ஓடித் திரியும் இலத்திரன்கள் அவற்றைப் பிடித்துக்கொள்கின்றன. உப்பில் நேர், எதிர், நேர், எதிர் என்று அயன்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு வரிசை ஓர் இடம் தள்ளினால் போதும். நேருக்கு முன்னால் நேர் வந்துவிடும், ஒன்றையொன்று தள்ளி உடைந்துவிடும். அதே உப்பை உருக்க 801 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். சீனியோ அடுப்பிலேயே உருகிக் கருகிப் போகும். சீனியில் ஒரு மூலக்கூறுக்கும் அடுத்த மூலக்கூறுக்கும் இடையிலுள்ள பிடி அவ்வளவு வலுவில்லாதது.

இனி டீச்சரின் முதலாவது பொருளுக்கு வருவோம்.

சிப்பி என்பது கல்சியம் காபனேற்று. பளிங்குக் கல்லும் அதுவேதான், முருகைக்கல்லும் அதுவேதான். ஆனால் அயன்களை அடுக்கும் முறை இரண்டு விதம். ஒன்றைக் கல்சைற்று என்பார்கள், மற்றதை அரகொனைற்று என்பார்கள். பளிங்குக் கல் கல்சைற்று. முருகைக்கல்லும் முத்துச் சிப்பியின் உட்புறப் பளபளப்பும் அரகொனைற்று. அந்தப் பளபளப்பான படையை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் மேசன்மார் செங்கல் அடுக்கியது போல மெல்லிய தகடுகள் வரிசையாக இருக்கும். இடையில் சாந்து போல மிகக் கொஞ்சம் புரதம். அந்தப் புரதம் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுதான். ஆனாலும் வெடிப்பு ஒன்று உண்டானால் நேராக ஓட முடியாமல் ஒவ்வொரு தகட்டையும் சுற்றிச் சுற்றிப் போய்க் களைத்துவிடும். வெறும் கல்சியம் காபனேற்றுக் கட்டி உடைகிற அடியில் சிப்பி உடைவதில்லை. பொருள் ஒன்று, அடுக்கு வேறு.

அந்தச் சிப்பியை அல்லது முருகைக்கல்லைச் சூளையில் போட்டு ஏறத்தாழ 900 பாகைக்குச் சுட்டால் அதிலிருந்து காபனீரொட்சைட்டு வாயு வெளியேறிப் போகும். மிஞ்சுவது நீறாத சுண்ணாம்பு. தண்ணீர் ஊற்றினால் கொதித்து, ஆவி பறந்து, நீறிப்போகும். அதுதான் டீச்சரின் இரண்டாவது பொருள், கல்சியம் ஐதரொட்சைட்டு. அதைச் சுவரில் பூசினால் மாதக்கணக்கில் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை மெல்ல மெல்ல எடுத்துத் திரும்பவும் கல்லாகிவிடும். பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சாந்து இறுகியது இப்படித்தான். கடலில் கல்லாக இருந்தது, சூளைக்குப் போய், வாளிக்குள் வந்து, சுவரில் மீண்டும் கல்லாகிறது.

இந்தச் சுண்ணாம்புக்கு நமது நாடு ஒரு விலையும் கொடுத்திருக்கின்றது. தென்மேற்குக் கரையில் பல காலம் சூளைகளுக்காக முருகைக்கற்பாறைகளை உடைத்து எடுத்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு அங்கு ஆய்வு செய்தவர்கள், முருகைக்கல் பிழைத்திருந்த ஹிக்கடுவையில் அலை உள்ளே புகுந்தது குறைவு என்றும், அகழ்ந்தெடுக்கப்பட்டிருந்த பெரலிய பக்கத்தில் மிக அதிகம் என்றும் எழுதினார்கள். புகையிரதம் அள்ளுண்டு போனது அந்தப் பெரலியவில்தான். கரையை இழப்பது என்றால் என்னவென்று ஒலுவில் மக்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

வைத்தியசாலைக்கு வருவோம். ஐதரொட்சைட்டு அயன் தண்ணீரில் கரைந்து விடுபட்டு நிற்கும் ஒன்று. அது கொழுப்பைக் கரைத்துச் சவர்க்காரமாக்கிவிடும். நமது உடற்கலங்களின் மென்சவ்விலும் கொழுப்பு இருக்கின்றது. சிப்பித் துண்டு ஒன்று கண்ணில் விழுந்தால் கீறும், அவ்வளவுதான். சுண்ணாம்பு விழுந்தால் கரைத்துக்கொண்டு உள்ளே போகும். இமைக்கடியில் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தாலும் கரையக் கரைய எரித்துக்கொண்டே இருக்கும்.

எங்கள் சேவைக் காலத்தில் பார்த்த இரண்டு பிள்ளைகளை மறக்க முடியாது. இருவரும் நான்கு வயதுக்குட்பட்டவர்கள். இருவரும் உம்மம்மாவின் வெற்றிலைத் தட்டத்திலிருந்த சுண்ணாம்புப் பொதியை எடுத்து விளையாடி, அமத்தி, அது பீறிட்டுக் கண்ணில் பட்டவர்கள். ஒரு வீட்டில் தாய்ப்பால் விட்டார்கள், பிறகு எண்ணெய் விட்டார்கள், வாகனம் தேடினார்கள். வந்து சேர இரண்டு மணித்தியாலம். மற்ற வீட்டில் உம்மம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் நேரே குழாயடியில் பிடித்து, பிள்ளை கத்தக் கத்தக் கழுவியிருக்கிறார். அந்தப் பிள்ளை இன்று கண்ணாடி இல்லாமல் படிக்கின்றது. முதற் பிள்ளையின் ஒரு கண்ணில் வெண்படலம் நிலைத்துவிட்டது. இரண்டு வீட்டிலும் பாசம் ஒன்றுதான். வித்தியாசம் குழாய்த் தண்ணீர் மட்டும்தான்.

ஆகவே இதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். கண்ணில் சுண்ணாம்பு பட்டால் ஒரு நிமிடமும் தாமதியாமல் இமையை விரித்துப் பிடித்து, ஓடும் சுத்தமான தண்ணீரில் அரை மணித்தியாலமாவது கழுவ வேண்டும். தெரிகிற துணுக்குகளைத் துணி நுனியால் எடுத்துவிட வேண்டும். அதன் பிறகுதான் வைத்தியசாலை. வேறு எதையும் கண்ணில் விட வேண்டாம். வெற்றிலைத் தட்டம் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். வாய்ப் புற்றுநோயை எண்ணினால் வீட்டிலேயே இல்லாதிருப்பது இன்னும் நல்லது.

மூன்றாவது வெண்கட்டி. இன்றைய வெண்கட்டிகளில் பெரும்பாலானவை ஜிப்சம், அதாவது கல்சியம் சல்பேற்று. அதன் பளிங்குக்குள் படைகளுக்கிடையில் தண்ணீர் மூலக்கூறுகள் அமர்ந்திருக்கின்றன. படையையும் படையையும் பிடித்திருப்பது அந்தத் தண்ணீரின் ஐதரசன் பிணைப்பு. அது மென்மையான பிடி. ஆகவேதான் ஜிப்சம் நகத்தால் கீறக்கூடிய அளவுக்கு மென்மையானது, கரும்பலகையில் இலகுவாகத் தேய்கின்றது.

ஜிப்சத்தை ஏறத்தாழ 150 பாகைக்குச் சூடாக்கினால் அந்தத் தண்ணீரில் முக்கால் பங்கு போய்விடும். கிடைப்பது பரிஸ் சாந்து. அதற்குத் தண்ணீரைத் திருப்பிக் கொடுத்தால் சில நிமிடங்களில் ஊசி ஊசியான பளிங்குகள் வளர்ந்து, ஒன்றுக்குள் ஒன்று சிக்கி இறுகிவிடும். 1851 அளவில் மத்தைசன் என்ற ஒல்லாந்து இராணுவ வைத்தியர் இந்த மாவைத் துணிக் கட்டில் தேய்த்து முறிவுக்குக் கட்டும் முறையை உண்டாக்கினார். இன்று நாங்கள் பிளாஸ்டர் போடும்போது, “டொக்டர், சுடுதே!” என்று பிள்ளைகள் பயப்படுவார்கள். தண்ணீர் திரும்பிப் போய்ப் பளிங்கில் அமரும்போது வெளிவிடும் வெப்பம் அது. ஊசிகள் கோத்துக்கொண்டு முழுப் பலம் பெற ஓரிரு நாட்கள் எடுக்கும். அதற்குள் ஊன்றி நடந்தால் உடைந்துவிடும். பின்னர் நனைந்தால் இளகிவிடும். விரல்கள் நீலமாகினால், விறைத்தால், வலி குறையாமல் கூடிக்கொண்டே போனால் மறுநாள் கிளினிக் வரை காத்திருக்க வேண்டாம். அன்றே, அந்த நேரமே வர வேண்டும்.

நான்காவது எலும்பு. இதில்தான் கல்சியம் தன் முழுத் திறமையையும் காட்டுகின்றது. வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஒரு கிலோ கல்சியம் உண்டு. அதில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கின்றது. அது பொசுபேற்றுடனும் ஐதரொட்சைட்டுடனும் சேர்ந்து அப்பதைற்று என்ற கனியமாக நிற்கின்றது. ஆனால் கனியம் மட்டும் இருந்திருந்தால் நமது எலும்பு வெண்கட்டி போல முறிந்திருக்கும்.

அன்று டீச்சர் கோழி எலும்பைக் காட்டிவிட்டு நிறுத்தவில்லை. ஒன்றை வினாகிரிப் போத்தலுக்குள் போட்டு ஒரு கிழமை வைத்தார். இன்னொன்றை அடுப்பு நெருப்பில் நன்றாகச் சுட்டுக்கொண்டு வந்தார். வினாகிரியில் கிடந்தது இறப்பர் போல வளைந்தது. முடிச்சே போடலாம் போல இருந்தது. சுட்டது உருவம் மாறாமல் வெள்ளையாக இருந்தது, ஆனால் விரலால் அமத்தியதும் தூளாகிவிட்டது. அமிலம் கனியத்தைக் கரைத்துவிட்டது; நெருப்பு புரதத்தை எரித்துவிட்டது. இரண்டும் சேர்ந்திருந்தபோதுதான் அது எலும்பு. பிள்ளைகளுக்கு வீட்டிலும் செய்து காட்டலாம்.

அந்தப் புரதத்தின் பெயர் கொலாஜன். அதன் கட்டமைப்பைக் கண்டுபிடித்த இடம் நமக்குத் தூரமில்லை, சென்னைப் பல்கலைக்கழகம். ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955 ஆம் ஆண்டுகளில், கங்காருவின் வால் தசைநாணில் எக்ஸ் கதிரைச் செலுத்தி, கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு என்று காட்டினார்கள். அந்த முறுக்கு இறுக்கமாக அமைவதற்கு ஒவ்வோர் இழையிலும் மூன்றாவது இடந்தோறும் கிளைசீன் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம்தான் இருக்க வேண்டும். கயிற்றின் நடுவில் வேறெதற்கும் இடம் போதாது.

ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில் ஓர் இடத்தில் கிளைசீனுக்குப் பதிலாக வேறொன்று வந்தால் என்ன நடக்கும்? பிள்ளையைத் தூக்கும்போதே எலும்பு முறிகிற பிறவி நோய் வரலாம். கண்ணின் வெள்ளை நீலமாகத் தெரிகிற, அடிக்கடி எலும்பு முறிகிற இப்படிப்பட்ட பிள்ளைகளின் உம்மாமாரை, “பிள்ளையைக் கவனிக்கத் தெரியாதவள்” என்று ஊர் பேசியதை நாங்கள் கேட்டிருக்கின்றோம். அவரது கை செய்த பிழை அல்ல அது. கயிற்றில் ஓர் இழை பிசகியது, அவ்வளவுதான். அதே கயிற்றின் முறுக்கு உடல் வெப்பத்தில் கலையாமல் நிற்க விற்றமின் சீயும் தேவை. அது இல்லாமற் போனதால்தான் பழைய மாலுமிகளுக்கு முரசிலிருந்து இரத்தம் வடிந்தது, ஆறிய காயங்கள்கூடத் திறந்துகொண்டன.

இங்கே ஐம்பது வயதைக் கடந்த ராத்தாமார் பலர் இருக்கின்றீர்கள். உங்களுக்குச் சொல்ல வேண்டியது எலும்பின் உட்கட்டமைப்பைப் பற்றி. எலும்பின் உட்புறம் திண்மமானதல்ல. வீட்டுக் கூரை மரங்களைப் போல மெல்லிய தாங்கிகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. மாதவிடாய் நின்ற பிறகு வரும் சில வருடங்களில் அந்தத் தாங்கிகள் வேகமாக மெலியும், சில அறுந்துபோகும். மிஞ்சியிருக்கிற கனியமும் கொலாஜனும் முன்பிருந்தவையேதான், தாங்கிகள்தான் குறைந்துவிட்டன. வுழூச் செய்யும் இடத்தில் வழுக்கி விழுந்த உம்மம்மாவின் இடுப்பு எலும்பு முறிவது இதனால்தான்.

இதைத் தடுக்கும் வேலை இளவயதிலேயே தொடங்க வேண்டும். ஏறத்தாழ முப்பது வயது வரை எலும்பில் சேர்த்ததைத்தான் பிறகு செலவழிக்கின்றோம். எருமைத் தயிர், முள்ளோடு சாப்பிடும் நெத்தலி, சூடை, எள்ளு, முருங்கையிலை எல்லாம் நமது ஊரிலேயே கிடைக்கின்றன. கல்சியம் குடலில் உறிஞ்சப்பட விற்றமின் டீ வேண்டும். அதற்கு வெயில் வேண்டும். நமது உடை முறையைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. வளவுக்குள், மதிலுக்குள் கையும் காலும் வெயில் படக் கொஞ்ச நேரம் நில்லுங்கள் என்றுதான் சொல்கின்றோம். நடவுங்கள், ஏனெனில் சுமை விழும் இடத்தில்தான் எலும்பு தாங்கியை வைக்கின்றது.

பல்லின் எனாமல் நூற்றுக்கு 96 பங்கு அப்பதைற்றுக் கனியம். உடலிலேயே மிகக் கடினமான பொருள். இதே அப்பதைற்று மலையாகவும் கிடக்கின்றது. 1971 இல் அநுராதபுரம் மாவட்டத்தில் எப்பாவலையில் கண்டுபிடிக்கப்பட்ட பொசுபேற்றுப் படிவம் அது. அதை ஒரு வெளிநாட்டுக் கம்பனிக்குக் கொடுக்கும் திட்டத்துக்கு எதிராக ஊர் மக்கள் வழக்குத் தொடுத்து, 2000 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத்தில் வென்றதைச் சிலர் அறிந்திருப்பீர்கள். அந்தப் பாறையைத் தூளாக்கித் தேயிலைக்கும் தென்னைக்கும் போடுகின்றார்கள், ஆனால் நமது நெல் வயலுக்கு அப்படியே போட முடிவதில்லை. காரணம் அயன்களின் இறுக்கமான அடுக்கு. அது மெல்லத்தான் கரையும். மூன்று நான்கு மாதப் பயிர் அதற்குக் காத்திருக்காது. அந்த இறுக்கம்தான் நமது பல்லையும் பல வருடம் காக்கின்றது.

அப்பதைற்றின் அடுக்குக்குள் ஐதரொட்சைட்டு இருக்கும் இடத்தில் புளோரைட்டு அயன் இலகுவாகப் போய் அமர்ந்துகொள்ளும். அளவாக அமர்ந்தால் அடுக்கு இன்னும் இறுகி, இனிப்பினால் உண்டாகும் அமிலத்துக்குப் பல் ஈடுகொடுக்கும். பற்பசையில் புளோரைட்டுச் சேர்ப்பது அதற்காகத்தான். ஆனால் பல் உருவாகும் வயதில், ஏறத்தாழ எட்டு வயது வரைக்கும், குடிதண்ணீரில் அது அதிகமாக இருந்தால் எனாமல் சரியாக முதிராது. வெள்ளைத் திட்டு, பிறகு மண்ணிறக் கறை, கடுமையானால் குழிகள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். வெயிலில் அதிகம் தண்ணீர் குடிக்கும் நமது நாட்டில் அதைவிடக் குறைவாக இருப்பதே நல்லது. உலர் வலயத்தில் அநுராதபுரம், பொலன்னறுவை போன்ற இடங்களிலும், நமது மாவட்டத்தின் உட்பகுதிகள் சிலவற்றிலும், பாறைக்குள் துளைத்த ஆழமான குழாய்க் கிணறுகளில் இந்தப் பிரச்சினை உண்டு.

உட்பகுதியிலிருந்து நமது பக்கத்துக்குக் கலியாணம் முடித்து வந்த ஒரு பெண் வேறு ஏதோ வருத்தத்துக்காகக் கிளினிக்குக்கு வந்தாள். பேசும்போதெல்லாம் ஷோல் நுனியால் வாயை மூடிக்கொண்டாள். கூட வந்த மாமியார், “பல்லுத் தீட்டிப் பழக்கமில்லாத புள்ள, டொக்டர்” என்றார். அந்தப் பிள்ளை ஒரு நாளைக்கு நாலு தடவை, முரசு தேய்கிற அளவுக்குத் தீட்டிக்கொண்டிருந்தாள். அவள் பிறந்த வளவுக் கிணறு ஆறு வயதில் அவளது பல்லுக்குள் எழுதிவிட்டதை எந்தத் தூரிகையும் அழிக்காது. அதை மாமியாருக்கு விளக்கிச் சொன்னோம். மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மருமகளைப் பார்த்து, “நீ ஏன் புள்ள இத முதல்லயே சொல்லல்ல?” என்று கேட்டார். அவளுக்கே தெரியாது என்பதுதான் விடை.

ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், புளோரைட்டு போகாது. தண்ணீர் ஆவியாகிப் போக, மிஞ்சுவதில் இன்னும் செறிவாகும். கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும். அதிகமாக இருந்தால் சிறு பிள்ளைகளுக்காவது மழைநீர், குழாய்நீர் அல்லது தகுந்த வடிகட்டி வேண்டும்.

டீச்சர் மேசையில் வைக்காத ஐந்தாவது பொருள் ஒன்றும் உண்டு, சிறுநீரகக் கல். பெரும்பாலும் அது கல்சியம் ஒட்சலேற்று. வயலிலும் கடலிலும் வியர்வை சிந்தி, தண்ணீர் குறைவாகக் குடிக்கும் நமது ஆண்களுக்கு நன்கு தெரிந்த கல். இதை எக்ஸ் கதிரால் ஆராய்ந்தவர்களில் ஒருவர் கத்லீன் லொன்ஸ்டேல் என்ற பெண். அயர்லாந்தில் ஒரு தபாலதிபரின் பத்தாவது பிள்ளை. 1929 இல் பென்சீன் வளையம் தட்டையானது என்று நிறுவியவர். 1945 இல் இலண்டன் றோயல் சொசைட்டிக்கு முதன்முதலாகத் தெரிவான இரண்டு பெண்களில் ஒருவர். பின்னாளில் மனித உடலின் கற்களைச் சேகரித்து, அவை எந்தக் கனியம், எப்படி அடுக்கப்பட்டவை என்று ஆராய்ந்தார்.

கல் வந்தவர்கள் பலர் செய்யும் ஒரு பிழை, கல்சியம் என்ற பெயரைக் கேட்டதும் பாலையும் தயிரையும் நிறுத்திவிடுவது. உணவிலுள்ள கல்சியம் குடலிலேயே ஒட்சலேற்றைப் பிடித்துக் கரையாத பொருளாக்கி மலத்துடன் வெளியேற்றிவிடும். கல்சியத்தை நிறுத்தினால் அந்த ஒட்சலேற்று விடுபட்டு, உறிஞ்சப்பட்டுச் சிறுநீரகத்துக்குப் போய்ச் சேரும். உணவில் போதிய கல்சியம் உள்ளவர்களுக்குக் கல் வருவது குறைவு என்று பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குறைக்க வேண்டியது உப்பு. கூட்ட வேண்டியது தண்ணீர். அதே பிணைப்பு குடலில் நடந்தால் காவல், சிறுநீரகத்தில் நடந்தால் வருத்தம்.

அன்பின் சகோதரிகளே, டீச்சரின் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். கல்சியம் ஒன்றுதான். அது யாருடன் சேர்ந்தது, எவ்வளவு இறுக்கமாகச் சேர்ந்தது, எந்த ஒழுங்கில் அடுக்கப்பட்டது என்பதுதான் அதைச் சிப்பியாகவும், சுண்ணாம்பாகவும், வெண்கட்டியாகவும், எலும்பாகவும் ஆக்குகின்றது. பரீட்சைக்கு இது மூன்று வரி விடை. அதை விளங்கிக்கொண்ட ஓர் உம்மா பிள்ளையின் கண்ணைக் காப்பாற்றுவாள். விளங்கிக்கொண்ட ஒரு மாமியார் மருமகளின் பல்லைப் பார்த்து ஒழுக்கத்தை எடைபோட மாட்டார். இரசாயனவியல் வைத்தியராகப் போகும் பிள்ளைக்கு மட்டும் உரிய பாடம் என்று நினைத்து, மற்றப் பிள்ளைகளை அதிலிருந்து ஒதுக்க வேண்டாம் என்பதுதான் எங்கள் வேண்டுகோள்.

பழைய மாணவியர் சங்கத்துக்கு இரண்டு சிறிய யோசனைகள். நூற்றாண்டு நினைவாக ஆய்வுகூடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் செய்துபார்க்கக்கூடிய ஒரு செய்முறை மேசையை அமைப்போம்; வினாகிரியும் கோழி எலும்பும் விலை கூடியவை அல்ல. அடுத்து, வருடத்துக்கு ஒரு தடவை மாணவியர் தங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் கொண்டுவரட்டும். அதைப் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவைப் பிள்ளைகளின் கையிலேயே கொடுப்போம். அவர்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் விளக்கட்டும். நமது சங்கத்தில் வைத்தியர்கள், ஆசிரியைகள், பொது சுகாதாரத் துறையில் உள்ளவர்கள், இதே ஊரிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள், கற்பிப்பவர்கள் எல்லோரும் இருக்கின்றீர்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் பரிசோதனைச் செலவைப் பொறுப்பேற்கலாம்.

அன்று மேசையில் நான்கு பொருட்களை வைத்துக் கேள்வி கேட்ட அந்த டீச்சரையும், இந்த நூறு வருடத்தில் இங்கே கற்பித்து மறைந்த எல்லா ஆசிரியர்களையும் அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அவன் அதிகமாக்கி வைப்பானாக. ஆமீன்.